என் அண்ணன் தண்ணீர் கேட்கும் வரியைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
பாடலாசிரியர் நலச் சங்கத்தின் முன்னாள் துணைச் செயலாளர்,
ஒலிப்பதிவுக் கூடம், நகலகத்தின் மேல்மாடி.
(பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை இணைப்பு 1-இல்)

பெறுநர்:
படைப்புரிமைக் குறைதீர் அலுவலர் அவர்கள்,
படைப்புரிமைக் குறைதீர் அலுவலகம்.

பொருள்: இணையவழியில் பாடல்களைப் பெற்று, விளம்பரங்களிலும் படங்களிலும் சேர்த்துத் தரும் நிறுவனம் ஒன்று என் அண்ணியார் எழுதிய பாடலின் முழு உரிமையையும் எடுத்துக்கொண்டு, நோயாளிகள் அதைப் பாடவிடாமல் தடுத்திருப்பது – அந்த நிறுவனத்துக்கு முதலிடம் கொடுத்த என் மதிப்பீட்டு அறிக்கையையும் விசாரணையில் சேர்க்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. சங்கத்துக்காக நான் எழுதிய மதிப்பீட்டு அறிக்கை, நான்கு பக்கங்கள்.
2. நிறுவனத்தின் ஒப்பந்தம், பத்தொன்பது பக்கங்கள்.
3. பேச்சுப் பயிற்சி மையத்துக்கு வந்த அறிவிப்பு, ஒரு பக்கம்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் புகார் கொடுப்பவர் ஒருவராகவும் புகாருக்கு உள்ளானவர் வேறொருவராகவும் இருப்பதே வழக்கம். இந்த மனுவில் புகாருக்கு உள்ளான இடத்தில் ஒரு நிறுவனம் நிற்கிறது. அதன் பக்கத்திலேயே நானும் நிற்கிறேன். ஆகவே சற்று நீளமாக எழுத நேர்ந்திருக்கிறது. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

1. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒலிப்பதிவுக் கூடம் நடத்திவருகிறேன். கூடம் என்பது பெயரளவில்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கீழே நகல் எடுக்கும் கடை. அங்கே பெரிய இயந்திரம் ஓடும் நேரங்களில் மேலே பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். எங்கள் சங்கத்தில் நூற்று நாற்பது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். முடி திருத்துபவர், கணக்கு ஆசிரியை, பேருந்து ஓட்டுநர், மருந்துக் கடைக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் சோறு போடுவது வேறு தொழில். எழுதிய பாட்டுக்குக் கேட்க ஆள் கிடைப்பதில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் பொதுவான குறை.

2. சில ஆண்டுகளாக இவர்களுடைய கைப்பேசிகளில் ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கின. உங்கள் பாடலை அனுப்புங்கள், நாங்கள் கேட்டுப் பார்த்து, படத்திலோ தொடரிலோ விளம்பரத்திலோ சேர்த்துவிடுகிறோம் என்பது அவற்றின் சாரம். எது உண்மை, எது ஏமாற்று என்று தெரியாமல் மாதக் கூட்டத்தின் பாதி நேரம் இந்தப் பேச்சிலேயே போயிற்று. கடைசியில் தலைவர் என் பக்கம் திரும்பி, “நீங்கதான் சவுண்டு ஆளு. நீங்களே பார்த்து எது நல்லதுன்னு சொல்லிடுங்க, எல்லாரும் அதையே பிடிச்சுக்கறோம்” என்றார். நான் ஒப்புக்கொண்டேன். தயக்கத்துடன் ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

3. ஐந்து மாதங்களில் பதினோரு நிறுவனங்களைச் சோதித்தேன். சோதித்த முறையைத் தாங்கள் தெரிந்துகொள்வது அவசியம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இரண்டு பாடல்கள் அனுப்பினேன். ஒன்று எங்கள் கணக்கு ஆசிரியை எழுதிய நல்ல பாடல். மற்றொன்று வேண்டுமென்றே செய்த மோசமான பாடல். புதிதாக வாங்கிய பிரஷர் குக்கருடன் வந்த உபயோகக் குறிப்பை எடுத்து, “மூடியைத் திறக்கும் முன் ஆவி முழுவதும் வெளியேறிவிட்டதா எனச் சரிபார்க்கவும்” என்பதிலிருந்து தொடங்கி, கைக்கு வந்த மெட்டில் என் சொந்தக் குரலிலேயே பாடிப் பதிவு செய்தேன். என் குரல் எப்படிப்பட்டது என்பதை என் மனைவியிடம் கேட்டால் சொல்வார்.

4. பதினொன்றில் ஏழு நிறுவனங்கள் குக்கர் பாட்டைப் பாராட்டின. அதில் மூன்று, அதைத் திரைப்படத்துக்கு ஏற்ற பாடல் என்றன. ஒரு நிறுவனம் “பிரிவின் வலியை இவ்வளவு எளிமையாகச் சொல்ல முடியுமா என்று வியந்தோம்” என்று எழுதியது. இந்த ஏழையும் அறிக்கையிலிருந்து நீக்கினேன். இரண்டு நிறுவனங்களிடமிருந்து பதிலே வரவில்லை. ஒன்று, பத்து நாளில் இணையத்திலிருந்தே காணாமல் போயிற்று.

5. எஞ்சியது ஒன்றே ஒன்று. இந்த மனுவின் எதிர்தரப்பு அந்த நிறுவனம்தான். அவர்கள் குக்கர் பாட்டைப் பற்றி இப்படி எழுதினார்கள்: “இரண்டாவது வரியில் உங்களுக்கு மூச்சு போதவில்லை. நீங்கள் பாடவில்லை, வாசிக்கிறீர்கள். இது பாடலாகத் தோன்றவில்லை.” ஆசிரியையின் பாடலில் சரணத்தின் மூன்றாம் வரி தாளத்தில் ஒரு மாத்திரை பிந்துவதையும் சரியாகக் கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள். அந்தக் குறை எனக்கும் தெரியும். பதிவின்போதே கவனித்திருந்தேன். ஐயா, ஐந்து மாதம் வெற்றுப் புகழ்ச்சி படித்துப் படித்துச் சலித்துப்போயிருந்த எனக்கு, ஒருவர் உட்கார்ந்து உண்மையாகவே கேட்டிருக்கிறார் என்று தெரிந்தபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்லித் தெரியவைக்க முடியாது. அந்த நிம்மதியில்தான் தவறினேன். அவர்களுடைய காதைச் சோதித்தேன். கையைச் சோதிக்கவில்லை.

6. அவர்களுடைய ஒப்பந்தம் பத்தொன்பது பக்கம், முழுவதும் சட்ட ஆங்கிலம். அதற்கு முன்னால் அழகான எழுத்தில் ஒரு பக்கச் சுருக்கம் இருந்தது. சுருக்கத்தை முழுமையாகப் படித்தேன். ஒப்பந்தத்தில் ஆறாம் பக்கம் வரை படித்தேன். பிறகு வாடிக்கையாளர் ஒருவர் வந்தார், மூடிவைத்தேன். மறுநாள் திறக்கவில்லை. அறிக்கையில் “ஒப்பந்தம்” என்ற கட்டத்துக்கு எதிரே “நியாயமானது” என்று எழுதினேன். பார்வை 1-இன் மூன்றாம் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தாங்கள் காணலாம்.

7. சென்ற ஜூன் மாதக் கூட்டத்தில் அறிக்கையை வாசித்தேன். அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். குக்கர் பாட்டைப் போட்டுக் காட்டியபோது கூரை அதிரச் சிரித்தார்கள். முடிவில் எங்கள் உறுப்பினர் ஒருவர் எழுந்தார். முன்பு பத்திர எழுத்தரிடம் தட்டச்சராக இருந்தவர். எதிலும் பிழை கண்டுபிடிப்பார் என்பதால் அவரை முற்றுப்புள்ளி என்று கூப்பிடுவோம். அவர் கேட்ட கேள்வி: “ஒப்பந்தத்த முழுசா படிச்சீங்களா?” நான், “படிச்சேன்” என்றேன். “முழுசா?” என்றார். “அட, படிச்சேங்க, உக்காருங்க” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

8. அன்று நான் சொன்னது பொய். இதை எழுத்தில் முதன்முறையாகத் தங்களிடம்தான் ஒப்புக்கொள்கிறேன்.

9. இனி அந்தப் பாடலைப் பற்றி. என் அண்ணன் மீன் ஏல மையத்தில் முப்பது ஆண்டுகள் ஏலம் கூவியவர். ஒலிபெருக்கி என்பது அவருக்கு அங்கே வழங்கிய பெயர். ஒரே மூச்சில் எட்டு விலைகளை ராகத்தோடு அடுக்குவார். வாங்க வந்தவர்கள் கேட்பதற்காகவே நிற்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். அவர் பேசி முடிக்க நாங்கள் காத்திருந்த நேரத்தைச் சேர்த்தால் சில வருடங்கள் தேறும். மூன்றாண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. கையும் காலும் ஓரளவு திரும்பின. பேச்சு திரும்பவில்லை. மற்றவர் பேசுவது புரியும். தான் சொல்ல நினைப்பதும் தெரியும். வாயைத் திறந்தால் “அது, அது” என்பது மட்டுமே வரும்.

10. பேச்சுப் பயிற்சி மையத்தில் பயிற்சி தரும் அம்மையார் ஒருநாள் எங்களிடம் ஒன்றை விளக்கினார். பேசும் வழி அடைபட்ட சிலருக்குப் பாடும் வழி திறந்திருக்கும். பேச முடியாத சொல்லை மெட்டோடு சேர்த்தால் சில நேரம் சொல்லிவிடுவார்கள் என்றார். அண்ணியார் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் தையல் ஆலையில் தரம் பார்ப்பவர். சங்கத்தில் ஒன்பது ஆண்டுகளாக உறுப்பினர். அதுவரை அவர் எழுதிய எந்தப் பாடலையும் அவரைத் தவிர வேறு யாரும் பாடியதில்லை. அந்த வாரம் ஆலையின் சாப்பாட்டு இடைவேளைகளில், துணி அட்டையின் பின்பக்கத்தில் அவர் எழுதியதுதான் இந்தப் பாடல். எட்டு வரிகள். மெட்டுக்கு வேறெங்கும் போகவில்லை. அண்ணன் ஏலம் கூவும் இழுப்பையே எடுத்துக்கொண்டார்.

11. ஒவ்வொரு வரியிலும் அவருக்கு அன்றாடம் தேவைப்படும் ஒரு பேச்சு இருக்கிறது. முதல் வரி, “தண்ணி கொண்டு வா, தாகம் தீர வா.” இரண்டாவது, “சன்னல் திறந்து வை, காத்து வரட்டும் வை.” மூன்றாவது, “போதும் போதும் போ, வயிறு நெறஞ்சு போச்சு.” இப்படியே போய்க் கடைசி வரி, “எங்கயும் போகாத, பக்கத்துல இரு” என்று முடியும். இலக்கியமாக இதில் பெரிதாக ஒன்றுமில்லை என்று அண்ணியே சொல்வார். அண்ணன் இதைக் கற்றுக்கொள்ளப் பதினோரு வாரம் ஆயிற்று. முதல் வரியை முழுதாகப் பாடிய அன்று அண்ணி தண்ணீர் எடுக்க ஓடவில்லையாம். அப்படியே நின்றுவிட்டாராம். அண்ணன் மறுபடி பாடினார், கொஞ்சம் கோபமாக. பிறகுதான் ஓடினார். இதை என்னிடம் சொல்லும்போது, “ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் மனுஷன் என்னை அதட்டுறார் தம்பி” என்று சொல்லிச் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

12. பயிற்சி மையத்தில் இருந்த மற்றவர்களும் அதைப் பாடத் தொடங்கினார்கள். பதினான்கு பேர். அவர்களில் ஒருவர் முன்னாள் வழக்கறிஞர், ஒருவர் லாரி ஓட்டுநர், ஒருவர் மூன்று பிள்ளைகளின் தாய். மையம் அந்தப் பயிற்சியைக் காணொளியாக எடுத்து, வீட்டில் பழகுவதற்காக இணையத்தில் வைத்தது. எங்கெங்கோ இருந்து நன்றி வந்தது. அப்போதுதான் அண்ணிக்கு ஓர் ஆசை பிறந்தது. ஒரு படத்திலோ தொடரிலோ இது வந்தால், மையம் இல்லாத ஊரில் இருக்கும் நோயாளியின் வீட்டாரும் கேட்பார்களே என்று நினைத்தார். என்னிடம் கேட்டார். நான் அறிக்கையின் முதலிடத்தைக் காட்டினேன். “நீங்களும் ஒருமுறை படிச்சுப் பாத்துக்கோங்க அண்ணி” என்று பேச்சுக்குச் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதில் என் காதை விட்டுப் போகவில்லை: “நான் ஒரு சட்டைய பாஸ் பண்ணினா அடுத்த ஆளு அதைப் பிரிச்சுப் பாக்கறதில்ல தம்பி. நீங்க பார்த்ததை நான் திரும்பப் பாக்கணுமா?”

13. என் கூடத்தில்தான் பதிவு செய்தோம். என் கணினியிலிருந்துதான் அனுப்பினோம். “ஏற்கிறேன்” என்ற கட்டத்தில் அண்ணி என் சுட்டியைப் பிடித்து அழுத்தினார். ஆகஸ்டில் பாடல் தேர்வானது. பேசிய தொகை ஒழுங்காக வந்தது. அது பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. சங்கத்தில் அண்ணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த மாதம் மேலும் இருபத்தாறு உறுப்பினர்கள் அதே நிறுவனத்துக்குப் பாடல் அனுப்பினார்கள்.

14. நவம்பரில் அந்தப் பாடல் ஒரு குளிர்பான விளம்பரமாக வெளிவந்தது. மெட்டு அதே மெட்டு, வேகம் மட்டும் இரண்டு மடங்கு. “தண்ணி கொண்டு வா” என்ற இடத்தில் தண்ணியை எடுத்துவிட்டு அந்தப் பானத்தின் பெயரை வைத்திருந்தார்கள். “எங்கயும் போகாத, பக்கத்துல இரு” என்ற வரியை ஓர் இளைஞன் குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடுகிறான். தொலைக்காட்சியில், கைப்பேசியில், பேருந்து நிறுத்தத் திரையில், பெட்ரோல் நிலையத்தில் எல்லாம் அதுதான். விளம்பரம் நன்றாகவே எடுக்கப்பட்டிருந்தது. எங்கள் தெருவில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எல்லாரும் பாடினார்கள்.

15. டிசம்பர் முதல் வாரத்தில் மையத்தின் காணொளி இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. மறுவாரம் பார்வை 3-இல் உள்ள அறிவிப்பு வந்தது. இந்தப் பாடலை, முந்தைய வடிவத்திலோ பிந்தைய வடிவத்திலோ, பொது இடத்திலோ கூட்டாகவோ பாடுவதும் பயிற்றுவிப்பதும் உரிமை மீறல் என்று அதில் கண்டிருந்தது. பயிற்சி தரும் அம்மையார் எங்களை உட்காரவைத்து, “எனக்கு வேற வழி தெரியலைங்க. வழக்குன்னு வந்தா மையத்தையே மூடிடுவாங்க” என்றார். அவர் மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. அந்த வாரம் வகுப்பில் பதின்மூன்று பேர் சொற்கள் இல்லாமல் மெட்டை மட்டும் முனகினார்கள். முன்னாள் வழக்கறிஞர் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

16. அன்றைக்கு மாலை கூடத்துக்கு வந்து ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். பதினான்காம் பிரிவு பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. தேர்வான பாடலின் சொல், மெட்டு, பெயர் அனைத்தும் நிரந்தரமாக நிறுவனத்தைச் சேரும். நிறுவனம் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். எழுதியவர் உட்பட வேறு எவரும் அதைப் பொதுவில் பாடக்கூடாது. ஒளித்து வைக்கவில்லை, ஐயா. பொடி எழுத்திலும் இல்லை. இன்னும் ஆறு பக்கம் புரட்டியிருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும்.

17. இதுவரை சொன்னவை மட்டும் என்றால் இம்மனுவை இவ்வளவு அவசரமாக எழுதியிருக்க மாட்டேன். ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணி வேலைக்குப் போகும் நேரங்களில் பக்கத்து வீட்டு அம்மா அண்ணனைப் பார்த்துக்கொள்வார். ஒருநாள் மதியம் அண்ணன் அவரைக் கூப்பிட்டு, அந்தக் குளிர்பானத்தின் பெயரைச் சொல்லி, “கொண்டு வா” என்று பாடினார். அந்த அம்மா, ஆசைப்பட்டுக் கேட்கிறார் போலும் என்று கடைக்குப் போய் வாங்கிவந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அண்ணன் தள்ளிவிட்டார். மறுபடி அதையே பாடினார். அந்த அம்மா மறுபடி ஊற்றினார். நான்காம் முறை பாடியபோது அண்ணனுக்கே தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்பது புரிந்துவிட்டது. இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். பிறகு அந்த அம்மாவின் முந்தானையைப் பிடித்து, தட்டுத் தடுமாறி நடந்து அடுப்படிக்குக் கூட்டிப்போய், குழாயைத் தொட்டுக் காட்டினார். அந்த அம்மா எங்களிடம், “எனக்குப் புரியலையேப்பா, எனக்குப் புரியலையே” என்று அழுதார்.

18. ஒரு நாளைக்கு நாற்பது தடவை காதில் விழுகிற வரி, பதினோரு வாரம் பாடுபட்டுப் பதித்த வரியின் மேல் ஏறிக்கொண்டது என்று பயிற்சி தரும் அம்மையார் சொன்னார். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டோம். தெருவை நிறுத்த முடியவில்லை. இன்று வரை அண்ணனால் தண்ணீர் என்ற சொல்லைச் சொல்ல இயலவில்லை. கேட்க வேண்டும் என்றால் பாட வேண்டும்; பாடினால் அந்தப் பெயர் வந்துவிடும். அதனால் இப்போதெல்லாம் அவர் கேட்பதே இல்லை. நாங்களாகக் கொண்டு வைப்பதைக் குடிக்கிறார்.

19. அண்ணியிடம் நான் தவறை ஒப்புக்கொண்டபோது அவர் என்னைத் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை. அண்ணனுடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நான் ஆறாம் பக்கத்தோடு நிறுத்தியதைச் சொன்னேன். முற்றுப்புள்ளி கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். நூலைக் கடித்து அறுத்துவிட்டு, “அவருக்குச் சாப்பாடு குடுத்துட்டு வரேன், இருங்க” என்று எழுந்து போனார். முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். “அந்த வரியில வேற வார்த்தை போட்டா அவர் வாயில நிக்குமா?” என்று கேட்டார். அதன்பின் ஆறு வாரம் முயன்று பார்த்தோம். புது மெட்டு, புது வரி. நிற்கவில்லை. ஏல இழுப்பு ஒன்றுதான் அவருக்குள் திறந்திருக்கும் வழி. அந்த வழியில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

20. நிறுவனத்துக்கு நான்கு கடிதங்கள் எழுதினேன். ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது. எங்கள் வருத்தம் அவர்களுக்குப் புரிவதாகவும், பதினான்காம் பிரிவின்படி நிறுவனம் சரியாகவே நடந்துகொண்டிருப்பதாகவும், அண்ணியாரின் அடுத்த பாடலை ஆவலுடன் எதிர்பார்ப்பதாகவும் அதில் இருந்தது. கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை.

21. ஜனவரி இறுதியில் துணைச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினேன். கூட்டத்தில் என் அறிக்கை தவறானது என்று சொன்னேன். பாடல் அனுப்பிய இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேருடைய பாடல்கள் இன்னும் தேர்வாகவில்லை, திரும்பப் பெற்றுவிட்டோம். ஏழு பேருடையவை கைமாறிவிட்டன. அந்த ஏழில் ஒன்று, கணக்கு ஆசிரியை தன் மாணவர்களுக்காக எழுதிய வாய்பாட்டுப் பாடல். வகுப்பில் அதைப் பாடலாமா கூடாதா என்று அவர் என்னைக் கேட்டார். முற்றுப்புள்ளி என்னிடம் வந்து, “அன்னைக்கு நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்ங்க, சிரிச்சாங்களேன்னு உக்காந்துட்டேன்” என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

22. நான் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோதெல்லாம் அவர் பேச்சை மாற்றிவிட்டார். கடைசியாகச் சென்ற வாரம், “மன்னிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. மொதல்ல மனு எழுதுங்க. எழுதறதுல நீங்க கெட்டிக்காரர்தானே” என்றார். குத்திக்காட்டத்தான் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அதற்கு நான் உரியவன். இம்முறை எழுதியதை எல்லாம் அவரிடம் படித்துக் காட்டினேன். முற்றுப்புள்ளியும் உடன் இருந்து, பத்தொன்பது பக்க ஒப்பந்தத்தையும் வரிவரியாக வாசித்து, இம்மனுவில் உள்ள ஒவ்வொரு பக்க எண்ணையும் சரிபார்த்தார்.

எனவே, தங்களிடம் கோருவன வருமாறு:

அ) நோயாளிகளின் பேச்சுப் பயிற்சிக்காக இந்தப் பாடலை மூல வடிவில் பாடவும் பயிற்றுவிக்கவும் உடனடியாக இடைக்கால அனுமதி வழங்கி, மையத்தின் காணொளியைத் திரும்ப வைக்க உத்தரவிட வேண்டும். மற்றவை தாமதமானாலும் இது தாமதமாகக் கூடாது. பதினான்கு பேருக்கும் கற்றது மறந்துகொண்டே வருகிறது.

ஆ) மூல வரியை மாற்றிய அந்த விளம்பரத்தை, விசாரணை முடியும் வரையிலாவது, நிறுத்திவைக்க வேண்டும். முழுவதும் நிறுத்த இயலாது என்றால் அந்த ஒரு வரியை மட்டும் பாடலில்லாமல் பேச்சாக வைக்கச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அதனால் பெரிய நட்டம் வராது.

இ) பாடல்களைப் பெறும் எல்லா நிறுவனங்களும், எழுதியவர் தன் பாடலைத் தானே பாட முடியாமல் போகும் என்றால், அதை எழுதியவரின் மொழியில், “ஏற்கிறேன்” என்ற கட்டத்துக்கு நேர் மேலே எழுத வேண்டும் என்று விதிக்க வேண்டும்.

ஈ) ஏழு உறுப்பினர்களின் ஒப்பந்தங்களையும் இதனுடன் சேர்த்து விசாரிக்க வேண்டும். அவர்கள் அனைவரும் என் சொல்லை நம்பியே கையெழுத்திட்டார்கள் என்று நான் வாக்குமூலம் தரத் தயாராக இருக்கிறேன்.

உ) என் அறிக்கையை, அதன் மூன்றாம் பக்கத்தில் உள்ள “நியாயமானது” என்ற சொல்லோடு, தவறான ஆவணம் என்று பதிவு செய்ய வேண்டும். படிக்காததைப் படித்ததாகச் சொன்னதற்குச் சட்டத்தில் இடம் இருந்தால் என் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். மறுப்புச் சொல்ல மாட்டேன்.

இறுதியாக ஒன்று. விசாரணைக்கு அழைத்தால் அண்ணியாருடன் என் அண்ணனும் வருவார். தானே வர வேண்டும் என்று சைகையால் பலமுறை சொல்லிவிட்டார். நல்ல சட்டை எடுத்து மடித்து வைத்திருக்கிறார். அவரால் பேச்சாக வாக்குமூலம் தர இயலாது. முதல் வரி போனாலும் மற்ற ஏழு வரிகள் இன்னும் அவரிடம் இருக்கின்றன. கேட்கும் கேள்விக்கு ஏற்ற வரியைத் தேடி எடுத்துப் பாடித்தான் பதில் சொல்வார். ஆனால் பதினான்காம் பிரிவின்படி அந்த வரிகளைப் பொது இடத்தில் பாடுவது குற்றம். தங்கள் அலுவலகம் பொது இடமா என்பது எனக்குத் தெரியவில்லை; இந்த முறை தெரியாததைத் தெரியும் என்று சொல்ல விரும்பவில்லை. ஆகவே தங்கள் முன்னிலையில் என் அண்ணன் பாட எழுத்துமூலமான முன் அனுமதி வேண்டுகிறேன். அவர் ஒரு வரியை முடிக்கச் சற்று நேரம் எடுக்கும். அதுவரை யாரும் இடையில் பேசாமல் இருக்க ஏற்பாடு செய்தால் போதுமானது.

ஆவன செய்வீர்கள் என்று காத்திருக்கும்,

(கையொப்பம்)
பாடலாசிரியர் நலச் சங்க உறுப்பினர்

உடன் கையொப்பம்: பாடலை எழுதியவர், தையல் ஆலைத் தரப் பரிசோதகர்
பாடுபவர்: இடது கைப் பெருவிரல் ரேகை

நாள்: மார்ச் 14
இடம்: அண்ணன் வீடு

இணைப்புகள்: 1. பெயர், முகவரி விவரம். 2. பார்வையில் கண்ட மூன்று ஆவணங்களின் நகல்கள். 3. பாடலின் மூலப்படி (துணி அட்டையின் பின்பக்கம், அசல், விசாரணை முடிந்ததும் அண்ணியாரிடம் திருப்பித் தர வேண்டுகிறோம்).